எல்லைக் கடை

அக்கா மகன் ஐரோப்பாவின் குட்டித் தீவு நாடான மால்டாவுக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஆன்லைன் சூதாட்டக் கம்பெனி ஒன்றில் வேலை. ஜெயித்த பணத்தை எடுக்க வருகிறவர்களின் பாஸ்போர்ட்டையும் கரண்ட் பில்லையும் சரிபார்த்து அனுப்ப வேண்டும். அக்கா மட்டும் கொழிஞ்சாம்பாறை முழுக்க "கம்ப்யூட்டர் கம்பெனி" என்று சொல்லி வைத்திருக்கிறாள்.

போன வாரம் போனில் கேட்டேன். "ஏன்டா, இதுக்கெல்லாம் அங்க லைசென்ஸ் உண்டா?"

சிரித்தான். "லைசென்ஸ்தான் மாமா இங்க சரக்கே."

மால்டா மொத்தமே 316 சதுர கிலோமீட்டர். எங்கள் பாலக்காடு மாவட்டத்தில் பதினாலில் ஒரு பங்கு. 2004இல் ஐரோப்பிய யூனியனில் சேர்ந்த கையோடு ஆன்லைன் சூதாட்டத்துக்கு விதிகள் போட்டு உரிமம் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். 2018இல் எல்லாவற்றையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். விண்ணப்பத்துக்கு 5,000 யூரோ, உரிமத்துக்கு வருஷம் 25,000 யூரோ, பத்து வருஷக் கெடு. ஆடுகிறவன் பணத்தைக் கம்பெனிப் பணத்தோடு கலக்கக் கூடாது. "என்னை உள்ளே விடாதே" என்று ஆட்டக்காரனே எழுதிக் கொடுத்தால் கதவைச் சாத்த வேண்டும்.

எனக்குப் பிடித்த விஷயம் வரிதான். ஐந்து சதவீத ஆட்ட வரி, தீவுக்குள் இருக்கிறவன் ஆடினால் மட்டும். காசினோ வாசலிலும் அதே கணக்கு. வெளிநாட்டுக்காரனுக்கு 18 வயசு போதும், மால்டாக்காரனுக்கு 25 ஆக வேண்டும். அவன் சொல்லச் சொல்ல எனக்கு அப்பாவின் கடைதான் கண்ணில் வந்தது.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின வேலந்தாவளத்தில், காய்கறி மார்க்கெட் பக்கத்தில் அப்பா லாட்டரிப் பெட்டிக்கடை வைத்திருந்தார். கேரளத்தில் 1967இலிருந்தே அரசாங்க லாட்டரி. தமிழ்நாட்டில் 2003இல் தடை வந்தது. அதற்கப்புறம் எங்களுக்கு வியாபாரமே எல்லைக்கு அந்தப் பக்கத்து மதுக்கரை, கிணத்துக்கடவு ஆட்களால்தான். தக்காளி லோடு இறக்கிவிட்டு, துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வருவார்கள். கடைசி எண்ணைக் கூட்டிப் பார்த்து டிக்கெட்டை உருவுவார்கள். பாதிப் பேர் அதை வீட்டுக்கு எடுத்துப் போகமாட்டார்கள். செக்போஸ்ட் பயம் கொஞ்சம், பெண்டாட்டி பயம் நிறைய. "டிக்கெட்டு உங்ககிட்டயே இருக்கட்டுங்க" என்பார்கள்.

அப்பா நீளமான கணக்கு நோட்டில் பேரையும் எண்ணையும் குறித்து, டிக்கெட்டை அந்தப் பக்கத்திலேயே செருகி, ரப்பர் பேண்ட் போடுவார். ஒரு தடவை வாழைக்காய் வியாபாரி ஒருவருக்கு 5,000 ரூபாய் விழுந்தது. ஆள் எட்டு நாளாக வரவில்லை. அம்மா நச்சரித்தாள். ஒன்பதாம் நாள் லோடோடு வந்தவரிடம் அப்பா நோட்டைப் பிரித்துக் காட்டி, பணத்தை எண்ணிக் கொடுத்தார். அவருக்கு டிக்கெட் எடுத்ததே மறந்து போயிருந்தது.

இதை வைத்து அப்பாவை உத்தமர் ஆக்க நான் வரவில்லை. கூலிப் பணத்தில் டிக்கெட் எடுத்தவர்களும் அந்த நோட்டில் இருந்தார்கள். பக்கம் பக்கமாக.

ஆனால் ஒன்று. அப்பாவிடம் சண்டை என்றால் கடை முன்னால் வந்து நிற்கலாம். மால்டாக் கடைக்கு எங்கே போய் நிற்பது? ஆஸ்திரியாக்காரர்களும் ஜெர்மன்காரர்களும் தங்கள் ஊர் கோர்ட்டில் வழக்குப் போட்டு, "எங்க நாட்டு உரிமம் இல்லாம ஆட விட்டான், தோத்த பணத்தைத் திருப்பிக் கொடு" என்று தீர்ப்பு வாங்கினார்கள். அந்தத் தீர்ப்பை எடுத்துக்கொண்டு மால்டாவுக்கு வந்தால் அங்கே நிறைவேற்ற வேண்டுமே. 2023இல் மால்டா சட்டத்தையே திருத்தியது. அங்கே உரிமம் வாங்கி முறையாக நடத்துகிற கம்பெனிக்கு எதிரான இப்படிப்பட்ட வெளிநாட்டுத் தீர்ப்பை மால்டா கோர்ட் ஏற்கக் கூடாது என்று. எல்லைக் கடைக்காரன் வாடிக்கையாளரைப் பார்த்து ஷட்டரை இறக்கின மாதிரி.

"அது சரியாடா?" என்றேன்.

"நான் கரண்ட் பில் பாக்கறவன் மாமா" என்றான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஓணம் பம்பர் வந்திருச்சா? எனக்கு ஒண்ணு எடுங்க. டிக்கெட்டு உங்ககிட்டயே இருக்கட்டும்."

500 ரூபாய். எடுத்து, அப்பாவின் பழைய நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். டிக்கெட்டின் பின்பக்கம் பேர் எழுதுகிற இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.