பாவக்காய்க்கு நாசி கண்டார் (குழம்புச் சோறு) பொட்டலத் தாள்: பள்ளித் தோட்டத்தில் செய்து பார்த்தது

இந்தத் தடவை பாவக்காய் புழு இல்லாமல் வந்துவிட்டது. அதுவும் பள்ளித் தோட்டத்தில், மருந்து ஒரு சொட்டுகூட அடிக்காமல், போட்டி நடுவர்கள் வந்து நின்ற அன்றைக்குப் பந்தல் நிறையத் தொங்கியது. பாவக்காய் போட்டுப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். போடாதவர்கள் வெண்டைக்காயும் கீரையும் போட்டு நிம்மதியாக இருங்கள்.

பள்ளிகளில் இருக்கும் இயற்கைத் தோட்டங்களுக்கான போட்டி இது. பினாங்குத் தீவில் என் மகள் படிக்கும் தமிழ்ப்பள்ளியும் சேர்ந்துகொண்டது. வீட்டில் நாலு தொட்டி வைத்திருக்கிறேன் என்ற ஒரே காரணத்துக்காகப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் என்னைக் கோத்துவிட்டார்கள். இரசாயன உரம், பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி எதுவும் கூடாது. வேலையை மாணவர்கள் செய்ய வேண்டும். பதிவேடு இருக்க வேண்டும். மக்கு உரம் பள்ளியிலேயே தயாராக வேண்டும். உரக் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான்: கேண்டீன் காய்கறிக் கழிவு, வாசலில் நிற்கும் அங்சானா மரத்துச் சருகு, பாலிக் பூலாவ் பக்கமிருந்து வந்த ஆட்டுப் புழுக்கை. மழை நாளில் சருகைக் கூட்டிப் போட்டுத் தார்ப்பாய் மூடினால் நாற்றம் வராது. அதற்கு மேல் அதில் எழுத ஒன்றுமில்லை.

என் பிரச்சினை பழ ஈ. பாவக்காய், பீர்க்கங்காய், புடலங்காய் மூன்றுக்கும் எமன் அதுதான். பிஞ்சு விரல்கடை அளவு இருக்கும்போதே பெண் ஈ தோலைக் குத்தி உள்ளே முட்டையிடும். ஓரிரு நாளில் புழு வெளிவந்து உள்ளுக்குள்ளேயே தின்னும். குத்திய இடத்தில் ஊசிமுனை அளவில் ஒரு புள்ளி, அதன் மேல் பிசின் மாதிரி ஒரு துளி. அந்தத் துளியைப் பார்த்துவிட்டால் அந்தப் பிஞ்சு போனதுதான். நாலைந்து நாளில் ஒரு பக்கம் வளைந்து, மஞ்சளாகிக் கீழே விழும். விழுந்ததை அப்படியே விட்டால் புழு மண்ணுக்குள் போய்க் கூடுகட்டி அடுத்த படையாகக் கிளம்பும். அதனால் விழுந்த காய் எதுவும் எங்கள் உரக்குழிக்குப் போகாது. கறுப்புப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி வெயிலில் கிடத்திவிட வேண்டும். இந்தப் பொறுப்பு நாலாம் ஆண்டுப் பையன்களுடையது. புழு எப்படி எகிறிக் குதிக்கிறது என்று பார்ப்பதில் அவர்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

பொறியைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். உரக்கடைகளில் ஈ மருந்து என்று கேட்டால் பெரும்பாலும் மெத்தில் யூஜினால் குப்பியைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். அது மாங்காய், கொய்யா, பெலிம்பிங் (நட்சத்திரப் பழம்) ஆகியவற்றைக் கெடுக்கும் ஈயை இழுப்பது. துளசியிலும் அந்தப் பொருள்தான் இருக்கிறது, துளசிச்சாறு பொறி வேலை செய்வதும் அதனால்தான். பாவக்காயைக் குத்தும் ஈ வேறு சாதி. அது க்யூ லூர் என்னும் வேறொன்றுக்குத்தான் வரும். ஒரு நண்பர் பொறி நிறைய ஈ விழுந்திருப்பதைப் படமெடுத்து அனுப்பி, "அப்புறம் ஏன்டா காயெல்லாம் சொத்தை?" என்று கேட்டார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அத்தனையும் பக்கத்து வீட்டுக் கொய்யா மரத்து ஈ. பாவக்காய் ஈக்கு முதுகின் இரண்டு ஓரத்திலும் இருப்பதோடு நட்டநடுவிலும் ஒரு மஞ்சள் கோடு ஓடும், இறக்கை நுனியில் பழுப்புத் திட்டு இருக்கும். இதைப் பிள்ளைகளுக்குப் பூதக்கண்ணாடியில் காட்டினோம். இப்போது என்னைவிட வேகமாகச் சொல்லிவிடுகிறார்கள்.

சரியான பொறியே வைத்தாலும் விழுவது ஆண் ஈ மட்டும்தான். குத்துகிற பெண் ஈ ஜம்மென்று சுற்றிக்கொண்டிருக்கும். தவிர, மாலத்தியான் பூச்சிக்கொல்லி தோய்த்த கட்டையாக விற்பதை இந்தப் போட்டியில் தொங்கவிட முடியாது, பொறியில் விழுந்த ஈயைக் கொல்லச் சவர்க்காரத் தண்ணீர்தான். ஆகவே கடைசியில் வந்து நிற்பது பிஞ்சுக்கு உறை மாட்டுவதில். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் நடத்தும் இயற்கை விவசாயப் பயிற்சிகள் வழியாக ஐந்திலைக் கரைசலும் பஞ்சகவ்யமும் இங்கே பல பள்ளிகளுக்குப் பழக்கம். நாங்களும் 100 லிட்டர் தண்ணீருக்கு 3 லிட்டர் பஞ்சகவ்யம் என்ற கணக்கில் தெளிக்கிறோம். செடி நன்றாக வளர்கிறது. வளர்ந்த செடியில் ஈயும் நன்றாக வளர்கிறது.

உறைக்குப் பத்திரிகைத் தாள்தான் எல்லாரும் சொல்வது. வெயில் காலத்தில் சரி. அக்டோபர் மழையில் ஒரே இரவில் ஊறி, காயோடு ஒட்டிக் கிழிந்து தொங்குகிறது. கிழிந்த ஓட்டை ஒன்று போதும் ஈக்கு. பிளாஸ்டிக் பை வியர்த்துக் காயை அழுக வைக்கும். இணையத்தில் விற்கும் துணி உறைகள் கொய்யாவுக்கு ஏற்ற அளவு, பாவக்காய்க்கு நீளம் போதாது.

அப்புறம் ஒருநாள் ஜெலுத்தோங்கில் நாசி கண்டார் பொட்டலம் கட்டும்போது அந்தப் பழுப்புத் தாளைக் கவனித்தேன். ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் சொரசொரப்பு. குழம்பே ஒழுகாத தாளில் மழை எங்கே இறங்கப்போகிறது? பொட்டலத் தாள் விற்கும் கடையில் புதுக்கட்டு ஒன்று வாங்கினேன். ஒரு கட்டு வருஷத்துக்கும் தீராது.

வழவழப்பு வெளியே வர வேண்டும். இதில் சமரசமே கிடையாது. சொரசொரப்பு உள்ளே இருந்தால் காயின் ஈரத்தைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். தாளை நீளவாக்கில் சுருட்டி, கை நுழையும் அகலத்துக்குக் குழாய் ஆக்கி, ஓரத்தை இரண்டு மடிப்பு மடித்து ஸ்டேப்லர் அடிக்கிறோம். பசை மழையில் விட்டுவிடும். அடியையும் மடித்துவிட்டு, இரண்டு மூலையிலும் தீக்குச்சி நுழையும் அளவுக்கு மட்டும் வெட்ட வேண்டும். தண்ணீர் வடியும், ஈ நுழையாது. மேல்வாயைக் காம்பைச் சுற்றிக் கொசுவி வாழைநாரால் கட்ட வேண்டும். காம்புக்கு அருகே ஸ்டேப்லர் கொண்டுபோனால் எனக்குக் கோபம் வரும் என்பது பள்ளி முழுக்கத் தெரியும்.

எப்போது மாட்டுவது என்பதுதான் உண்மையான வித்தை. பூ விரிந்த அன்றே மாட்டினால் தேனீ உள்ளே போக முடியாது, பிஞ்சு வெம்பிவிடும். ஆள்காட்டி விரல் நீளம் வரட்டும் என்று காத்திருந்தால் ஈ முந்திக்கொள்ளும். பூ வாடி, இதழ் சுருண்டு, இன்னும் பிஞ்சின் நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தக் காலைதான் நேரம். இதழை மெல்லத் தட்டினால் உதிரும். பிஞ்சைச் சுற்றித் திருப்பிப் பார்த்து, பிசின் துளி இல்லை என்றால் உடனே உறை. பிள்ளைகள் பள்ளி மணி அடிக்குமுன் இதைச் செய்கிறார்கள். ஐந்தாம் ஆண்டுப் பெண்கள் இதில் கெட்டிக்காரிகள். பையன்கள் பத்துப் பூவைத் தாண்டிப் போய்விட்டு, "இல்ல அங்கிள், பூவே இல்ல" என்பார்கள்.

உறைக்குள் வளர்ந்த காய் வெளிறின பச்சையாக இருக்கும். வெயில் படாததால் அப்படி, வேறொன்றுமில்லை. கேண்டீன் அக்கா முதலில் "இது என்ன நோவு வந்த காயா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கினார். அறுத்தபோது உள்ளே ஒரு கீறல்கூட இல்லை. மறுநாள் இன்னும் இருக்கிறதா என்று அவரே கேட்டார்.

நடுவர்கள் வந்தார்கள். வண்ணம் பூசிய டயர்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். டயரில் இருந்தது வெறும் பண்டான், சமையலுக்குப் போடும் வாசனை இலைச்செடி. போகட்டும். பந்தலுக்கு வந்தபோது ஒரு நடுவர் தாளைத் தடவிப் பார்த்து, "இதில் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறதே, இது மக்குமா?" என்றார். நியாயமான கேள்வி, நான் பதிலைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் ஒரு பெண், "மக்காது சார். அதான் கழுவிக் காயவெச்சுத் திரும்ப மாட்டறோம்" என்று பதிவேட்டை விரித்துக் காட்டினாள். எந்த உறை எத்தனை முறை போனது, எது கிழிந்தது, எல்லாம் கோடு போட்டு எழுதியிருந்தாள். அந்தப் பக்கத்தை நான் பார்த்ததே இல்லை.

போட்டி முடிவு இன்னும் வரவில்லை. புள்ளி குறையும் இடம் எனக்குத் தெரியும், வேலியோர வரிசைதான். புல் வெட்ட வரும் குத்தகைக்காரர் யாரையும் கேட்காமல் வெளிப்பக்கம் களைக்கொல்லி அடித்துவிட்டுப் போனார். காற்றில் வந்து பயத்தங்காய் இலையெல்லாம் சுருண்டது. வரிசையோடு பிடுங்கி எறிந்தோம், அதையும் பதிவேட்டில் எழுதச் சொன்னேன். இயற்கைத் தோட்டம் என்று பலகை வைத்தால் மட்டும் போதாது, வேலிக்கு அந்தப்பக்கம் இருப்பவருக்கும் சொல்லித் தொலைக்க வேண்டும். இப்போது வேலியோரமாக அடர்த்தியாகச் சோளம் விதைக்கிறோம். காற்றையும் தடுக்கும், பாவக்காய் ஈ ராத்தங்குவதும் அந்த மாதிரி ஓரச்செடிகளில்தான் என்பதால் ஈஸ்ட் கரைசல் வைத்துப் பார்க்க இடமாகவும் இருக்கும். முட்டை முதிரப் பெண் ஈக்குப் புரதம் வேண்டும், அந்தப் பசிக்கு அது வரும்.

பள்ளி விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவது என்பதற்கு மட்டும் இன்னும் வழி பிறக்கவில்லை. பட்டியல் போட்டிருக்கிறோம், பட்டியலில் என் பெயர்தான் அதிகம்.

இதற்கிடையில் டீச்சர் புடலங்காய் விதை வாங்கி வந்துவிட்டார், முளையும் வந்துவிட்டது. கல் கட்டித் தொங்கவிடும் காய்க்கு எப்படி உறை மாட்டுவது? தாளை ஒன்றோடொன்று ஒட்டி நீட்டினால் ஒட்டில் தண்ணீர் இறங்குகிறது. புடலைக்கு உறை போட்டுக் காய் எடுத்தவர் யாராவது இருந்தால், என்ன நீளம் வைத்தீர்கள், அடியைத் திறந்து விட்டீர்களா மூடினீர்களா என்று சொல்லுங்கள். கொடி பந்தலைத் தொடுவதற்குள் சொன்னால் நல்லது.