மேசைமேல் ஒரு பான்சர் 3

2024 மார்ச் 3, ஞாயிறு

1/35 அளவு பான்சர் 3, அதாவது இரண்டாம் உலகப்போர் ஜெர்மன் டாங்கியின் மாடல், ஒட்டி முடிந்தது. இனி பெயின்ட். பெட்டிப் படத்தில் இருக்கிற மாதிரி முழுக்க மணல் நிறம் அடிக்க எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் நான் செய்ய நினைப்பது லிபியாவுக்கு முதலில் வந்த வண்டிகளில் ஒன்றை. ஜெர்மன் தளபதி ரோமெல் 1941 பிப்ரவரி 12 அன்று திரிபோலியில் இறங்கினார், அடுத்த மாதம் 5ஆம் பான்சர் ரெஜிமென்ட் சுமார் 150 டாங்கிகளோடு வந்து சேர்ந்தது, அவை ஐரோப்பாவில் ஓடிய அதே கருஞ்சாம்பல் நிறத்தில்தான் வந்தன. மணல் நிறம் அதற்கப்புறம்தான். அதனால் முதலில் சாம்பல், மேலே மெல்லிய மஞ்சள்பழுப்பு, ஆட்கள் கால் வைத்து ஏறும் இடங்களில் சாம்பல் எட்டிப் பார்க்க வேண்டும்.

மார்ச் 5, செவ்வாய்

சாம்பல் அடித்தாயிற்று. இன்னும் காயவில்லை.

மார்ச் 9, சனி

இன்று முழுக்க பெட்ரோல் கேன்கள். கிட்டில் வந்தது நாலுதான், பழைய கிட்டிலிருந்து இன்னும் ஆறு எடுத்தேன். அந்தக் காலப் போட்டோக்களைப் பார்த்தால் டாங்கி மாதிரியே இருக்காது, சட்டி பானையோடு வீடு மாற்றும் வண்டி மாதிரி இருக்கும்: கேன், மணல் மூட்டை, மாற்று டிராக் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புப் பட்டை) கண்ணிகள், சுருட்டிய தார்ப்பாய். காரணம் இருக்கிறது. இந்த வண்டியின் டேங்க் 320 லிட்டர் பிடிக்கும், அதாவது 20 லிட்டர் கேன் பதினாறு. அதை வைத்து நல்ல ரோட்டில் சுமார் 150 கி.மீ. போகலாம், மணலில் அதைவிட ரொம்பக் குறைவு. திரிபோலியிலிருந்து கிழக்கு லிபியாவின் தோப்ருக் துறைமுகம் சுமார் 1,500 கி.மீ., அவ்வளவு தூரம் பெட்ரோல் சுமந்து வரும் லாரியும் பெட்ரோல்தான் குடிக்கும்!

பிரிட்டிஷ்காரர்களின் மெல்லிய தகர டின்கள் வழியெல்லாம் ஒழுகின. ஜெர்மன் கேன் கையில் சிக்கினால் விடமாட்டார்கள், அப்புறம் அதையே பார்த்து அவர்களும் செய்துகொண்டார்கள். ஜெர்ரிகேன் என்ற பெயரும் அப்படி வந்ததுதான், ஜெர்மானியரை அவர்கள் ஜெர்ரி என்பார்கள்.

மார்ச் 16, சனி

ஒரு வாரமாக எகிப்து-லிபியா எல்லையில் இருக்கிற ஹல்ஃபாயா கணவாயைப் பற்றித்தான் படித்தேன். 1941 ஜூன் 15 முதல் 17 வரை நடந்த சண்டை, பிரிட்டிஷ் தரப்பில் தாக்கப் போனவர்களில் 4ஆம் இந்திய டிவிஷன் ஆட்களும் உண்டு. கனத்த கவசம் போட்ட பிரிட்டிஷ் மட்டில்டா டாங்கிகளை அங்கே நிறுத்தியது பான்சர் இல்லை, ஜெர்மானியர் மண்ணில் குழி பறித்து மறைத்து வைத்திருந்த 88 மி.மீ. விமான எதிர்ப்பு பீரங்கி. பிரிட்டிஷ் தரப்பு 90க்கும் மேற்பட்ட டாங்கிகளை இழந்தது, ஜெர்மானியர் ஒரேயடியாக இழந்தது பன்னிரண்டு. அவர்கள் வண்டிகளும் நிறைய அடிபட்டன, ஆனால் சண்டை முடிந்தபோது களம் அவர்கள் கையில் இருந்தது. 18 டன் இழுவை வண்டியை விட்டு இழுத்துக்கொண்டு போய், பட்டறையில் சரிசெய்து மறுபடி ஓட்டினார்கள். ரோமெல் பெயரையே எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கு அந்தப் பட்டறை ஆட்கள்தான் கண்ணில் நிற்கிறார்கள். ஹிட்லருக்காகப் போன படை அது, அதைக் கொண்டாட எனக்கு ஆசை இல்லை. ஆனால் பாலைவனத்தில் டாங்கி படை எப்படிப் பிழைத்தது என்று கேட்டால் பதில் பட்டறையில்தான் இருக்கிறது.

1942 நவம்பரில் எகிப்தின் எல் அலமெயினில் தோற்று ஜெர்மானியர் ஓடும்போது இதுவே தலைகீழானது. டிராக் அறுந்த வண்டிகளும் பெட்ரோல் தீர்ந்த வண்டிகளும் நின்ற இடத்திலேயே கிடந்தன, திரும்பி வந்து இழுக்க யாராலும் முடியவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

திட்டத்தை மாற்றிவிட்டேன். பான்சர் ஓடுகிற மாதிரி வைக்கப் போவதில்லை. வலது டிராக்கை அறுத்து மணலில் நீளமாகப் போட்டேன், பக்கத்தில் மூன்று பேர், ஒருவன் கையில் சம்மட்டி. இழுவை வண்டி கிட் தேட வேண்டும்.