தராசில் ஏறும் கீரிகள்

தென்னாப்பிரிக்காவின் குருமான் ஊரைத் தாண்டி வடமேற்கே ஹோட்டாசெல் வரைக்கும் மாங்கனீசு லாரிகள் துணைக்கு வரும். அதன் பிறகு சரளைச் சாலை, செம்மணல் மேடுகள், ஆங்கிலத்தில் 'ஒட்டகமுள்' என்று தப்பாகப் பெயர் வாங்கிய மரங்கள். ஆப்பிரிக்கான்ஸ் மொழிக்காரர்கள் சொன்னது ஒட்டகச்சிவிங்கி முள்ளை. வான்சில்ஸ்ரஸ் என்ற சிற்றூரை ஒட்டி, போட்ஸ்வானா எல்லைக்குக் கிட்டத்தில் குருமான் நதிக் காப்பகம் இருக்கிறது. பெயரில்தான் நதி, பெரும்பாலும் வெறும் மணல்.

கேம்பிரிட்ஜின் டிம் கிளட்டன்-பிராக் 1993-இல் இங்கே மீர்கேட் ஆய்வைத் தொடங்கினார். பிறகு சூரிச் பல்கலைக்கழகத்தின் மார்த்தா மான்சர் சேர்ந்துகொண்டார். இது சுற்றுலாத் தலம் இல்லை. களத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் நீண்ட காலம் தங்கி வேலை செய்யும் தன்னார்வலர்களும் ஆய்வு மாணவர்களும்தான்.

மீர்கேட் நம்மூர்க் கீரிக்குச் சொந்தக்காரன். முக்கால் கிலோ தேறும். நம் கீரி பெரும்பாலும் தனியாக வேலி ஓரம் ஓடுகிற ஆள். இது கூட்டுக் குடும்பம். இரண்டு மூன்று பேரில் தொடங்கி நாற்பது ஐம்பது வரை போகும். இரண்டு காலில் நிற்கும் படத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் மயங்குகிறார்கள். ஆனால் அந்தக் குடும்பத்தின் கதை தெரிவது தராசில்.

விடிவதற்கு முன்பே வளை வாசலில் இருக்க வேண்டும். வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாக வெளியே வந்து, சூரியனைப் பார்த்து வயிற்றைக் காட்டி நிற்கும். வயிற்றில் மயிர் குறைவு, தோல் கறுப்பு, சீக்கிரம் சூடேறும். குளிர்காலத்தில் இரவு உறைநிலைக்குக் கீழே போவதால் தாமதமாகத்தான் எழுந்து வரும். இந்தக் காயும் நேரம்தான் நமக்கு வேலை நேரம். கிளம்பிவிட்டால் யாரும் நிற்க மாட்டார்கள்.

முதலில் ஆள் அடையாளம். தோலுக்கடியில் அடையாள எண் கொண்ட மின்னணுச் சில்லு உண்டு என்றாலும் தூரத்திலிருந்து அதைப் படிக்க முடியாது. அதனால் தலைமயிர்ச் சாயத்தால் தோளில், தொடையில், வாலடியில் என்று ஆளுக்கொரு பொட்டு. மயிர் உதிர உதிர மங்கும். மங்கியதைத் தள்ளிப்போட்டால் வலத்தொடைப் பொட்டும் வாலடிப் பொட்டும் ஒன்றாகத் தெரியும். அன்றைய குறிப்பு முழுக்கத் தப்பாகும். சாயம் பூச விலங்கைப் பிடிப்பதில்லை. அது காய்ந்துகொண்டிருக்கும்போதே தொட்டு வைப்பார்கள்.

அடுத்தது எடை. மின்னணுத் தராசின் மேல் ஒரு தட்டு அல்லது பெட்டி, கையில் அவித்த முட்டைத் துணுக்கு அல்லது சில சொட்டுத் தண்ணீர். அதற்காக அதுவே ஏறி நிற்கும். காலையில் கிளம்புமுன் ஒரு தடவை, சில மணி நேரம் மேய்ந்தபின் ஒன்று, சாயங்காலம் ஒன்று. தராசைச் சமமான தரையில் வைத்து, ஒவ்வொரு முறையும் பூஜ்யம் பார்க்க வேண்டும். அடியில் மணல் சேர்ந்தாலும் காற்று தள்ளினாலும் எண் ஆடும். நாலு கால், வால் எல்லாம் தட்டுக்குள் வந்தபின் படிக்கிற எண்தான் எண். முட்டை விரல்நுனி அளவு போதும். பாவம் பார்த்து அள்ளிக் கொடுத்தால் நீங்கள் அளப்பது அதன் உழைப்பை இல்லை, உங்கள் முட்டையை.

இவ்வளவு பாடு எதற்கு? குட்டி போட்ட குடும்பத்தில் யாராவது ஒருவர் நாள் முழுக்கப் பட்டினியாக வளையில் காவல் கிடப்பார். அப்படிக் கிடந்தவர் 24 மணி நேரத்தில் சராசரியாக 1.3 விழுக்காடு எடை இழக்கிறார். மேயப் போனவர் 1.9 விழுக்காடு ஏறுகிறார். யார் தியாகி என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, கிராம் சொல்லிவிடும். பிரசவமும் அப்படித்தான் தெரியும்: நேற்று கனத்திருந்த பெண் இன்று திடீரென்று இளைத்திருப்பாள். பெறாதவளும் சில சமயம் பால் கொடுப்பாள். முலைக்காம்பைச் சுற்றி ஈரத்தில் மணல் ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தால் பிடிபடும்.

தலைவி பொல்லாதவள். கூட்டத்தின் குட்டிகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு அவளுடையவை. தன் பிரசவம் நெருங்கும்போது மற்றப் பெண்களை, சொந்த மகளையே, இடித்துக் கடித்து விரட்டுவாள். விரட்டப்பட்டவள் சராசரியாக மூன்று வாரம் வெளியே அலைவாள். கர்ப்பமாக இருந்தால் கலைந்துபோவதும் உண்டு. கொடுமைதான், ஆனால் கணக்கு இருக்கிறது: கர்ப்பிணியான இளையவள் தலைவியின் குட்டியைக் கொன்றுவிடுவாள். குடும்ப அரசியல் தெரிந்த நமக்கு இது புரியாததல்ல.

குட்டிகள் சுமார் நாலாவது வாரம் கூட்டத்தோடு கிளம்பி, கத்திக்கொண்டே பெரியவர்களின் பின்னால் ஓடும். நின்று பார்க்க வேண்டியது இங்கேதான். சின்னக் குட்டிக்குச் செத்த தேளைக் கொடுப்பார்கள். கொஞ்சம் வளர்ந்தால் கொடுக்கைக் கடித்துத் துப்பிவிட்டு உயிரோடு. இன்னும் வளர்ந்தால் முழுத்தேள். குட்டி தவறவிட்டால் மூக்கால் தள்ளித் திரும்பக் காட்டுவார்கள். 2006-இல் ஆய்வாளர்கள் தார்ன்டனும் மெக்காலிஃபும் இதைக் கற்பித்தல் என்றே நிறுவினார்கள். பெரியவர்கள் குட்டியின் வயதை அதன் குரலை வைத்தே கணிக்கிறார்கள்: பெரிய குட்டியின் குரலை ஒலிபெருக்கியில் போட்டால், சின்னக் குட்டிக்கும் உயிருள்ள இரை போகும்.

கூட நடக்கும்போது அவசரம் கூடாது. பழகிய கூட்டம் ஒரு மீட்டருக்குள் விடும். பழக்க மாதக்கணக்கில் ஆகும். குந்தியிருந்து சட்டென்று எழுந்தால், கையை வீசினால், எல்லோரும் வளைக்குள். எச்சரிக்கைக் குரலில் வகை உண்டு: கழுகுக்கு ஒன்று, நரிக்கு ஒன்று, பாம்புக்கு எல்லோரையும் கூட்டுகிற ஒன்று. ஆபத்து எவ்வளவு அவசரம் என்பதும் அதிலேயே இருக்கும். குரல் கேட்டதும் எழுதிவிடாமல் வானத்தைப் பாருங்கள். இரட்டைவால் குருவி அதே குரலில் பொய்யாகக் கத்தி, ஓடியவர் போட்டுவிட்ட புழுவைத் தூக்கிக்கொண்டு போயிருக்கும்.

சாயங்காலம் கடைசி ஆள் உள்ளே இறங்கும் வரை இருந்து, தலைகளை எண்ணி, எந்த வளை என்று ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். கூட்டத்தில் ஒருவர் கழுத்தில் ரேடியோப் பட்டை இருக்கும், ஆனால் அதை நம்பிச் சோம்பினால் பட்டை அணைந்த மறுநாள் பழைய வளைகளை ஒவ்வொன்றாகத் தேடி நடக்க வேண்டியதுதான். நீங்கள் போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறி, தராசில் ஏற யாரும் இருக்க மாட்டார்கள்.