முக்கால் பவுன் தங்கம், இரண்டு டம்ளர் மைதா

மே மாதக் கடைசியில் எங்கள் தெருப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒலிம்பிக்ஸ் நடத்துவது என்று முடிவு செய்தார்கள். என்னென்ன போட்டி, எங்கே, எப்போது என்று எதுவும் பேசவில்லை. நேராக என்னிடம் வந்து கேட்டது, "மெடல் எங்கே?"

கடையில் பிளாஸ்டிக் மெடல் மலிவாகவே கிடைக்கிறது. ஆனால் லீவு விட்டதிலிருந்து என் இரண்டும் வீட்டுக்குள் அடித்துக்கொண்டிருந்ததால், நான்கு நாள் கையைக் கட்டிப்போட ஒரு வேலை கிடைத்ததே என்று, நாமே செய்யலாம் என்று சொல்லிவிட்டேன். வண்டு வைக்க ஆரம்பித்த மைதா ஒரு பாக்கெட் அலமாரியில் இருந்ததும் ஒரு காரணம். இல்லையென்றால் சாப்பிடுகிற மாவில் பொம்மை செய்ய என் மாமியார் விட்டிருக்கமாட்டார்.

உண்மையான மெடல் எவ்வளவு பெரிசு என்று பெரியவள் கேட்டாள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ் மெடலின் விட்டம் 85 மில்லிமீட்டர், தங்க மெடலின் எடை 529 கிராம். எடை எப்படி இருக்கும் என்று பார்க்க, அரை கிலோ துவரம் பருப்பு பொட்டலத்தை நாடாவில் கட்டிச் சின்னவன் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஹாலில் நடந்தான். இரண்டு சுற்றில் கழற்றிவிட்டான். அந்த 529 கிராமில் தங்கம் 6 கிராம்தான், ஈபிள் கோபுரத்து இரும்பு 18 கிராம், மீதியெல்லாம் வெள்ளி என்று சொன்னதும் மாமியார் கணக்குப் போட்டார். "முக்கால் பவுனு. இதுக்கா இம்புட்டு ஓட்டம்?"

செய்முறை எளிது. இரண்டு டம்ளர் மைதா, ஒரு டம்ளர் தூள் உப்பு, தண்ணீரை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, பூரி மாவை விடச் சற்றே இறுக்கமாகப் பிசைய வேண்டும். கல் உப்பைப் போடாதீர்கள். முதல் தடவை நான் கல் உப்பை மிக்ஸியில் ஒரு சுற்று விட்டுப் போட்டேன், மெடல் முழுக்க அம்மைத் தழும்பு. அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து ஊறுகாய் பாட்டில் மூடியால் வட்டம் வெட்டினோம். 85 மில்லிமீட்டர் வரவில்லை, யாரும் புகார் சொல்லவில்லை. நாடா கோர்க்க ஜூஸ் ஸ்ட்ராவால் ஓட்டை. அது ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டராவது உள்ளே இருக்கட்டும், விளிம்பை ஒட்டிப் போட்டால் காய்ந்ததும் அங்கேதான் உடையும்.

காயவைப்பதுதான் பெரிய பாடு. ஓவன் இருந்தால் குறைந்த சூட்டில் வைத்து எடுத்துவிடலாம், எங்களிடம் இருப்பது திருச்சி வெயில். வடகம் மாதிரி நேராக மொட்டைமாடியில் பரப்பினேன். மேல்பக்கம் அரை மணியில் காய்ந்து இழுக்க, அடிப்பக்கம் ஈரமாகவே இருக்க, ஐந்து மெடல் அப்பளம் போல வளைந்து நடுவில் வெடித்துவிட்டன. அடுத்த ஈடு முதல் நாள் ஃபேனுக்குக் கீழே, இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் போட்டு, மறுநாள்தான் வெயிலுக்குப் போனது. காவலுக்கு உட்கார்ந்த சின்னவன் தண்ணீர் குடிக்க இறங்கிய நேரத்தில் ஒரு காக்கா வந்து கொத்திப் பார்த்திருக்கிறது. உப்பு கரித்திருக்கும், போட்டுவிட்டுப் போய்விட்டது. அந்த அலகுத் தடம் பட்ட மெடலுக்குத்தான் கடைசியில் அதிகப் போட்டி.

தங்கத்துக்கு அக்ரிலிக் பெயின்ட். அதிலேயே துளி பிரவுன் கலந்தால் வெண்கலம். வெள்ளிதான் சொன்னபடி கேட்கவில்லை, எவ்வளவு அடித்தாலும் சிமென்ட் மாதிரியே இருந்தது. அப்புறம் வெள்ளியை மட்டும் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் செய்தோம். வட்டமாக வெட்டி இரண்டு மூன்று ஒட்டி, மேலே சணல் கயிறை வேண்டிய வடிவத்தில் ஒட்டி, சப்பாத்தி சுற்றுகிற ஃபாயிலைப் போர்த்தி விரலால் மெதுவாக அழுத்தினால் கயிறு பதிந்த இடம் மட்டும் மேடாக எழும்பி வருகிறது. ஒரு மதியம்தான் நேரம் இருக்கிறது என்பவர்கள் மாவையெல்லாம் மறந்துவிட்டு நேரே இதற்கு வந்துவிடலாம், எனக்கே இதுதான் அழகாகத் தெரிந்தது. எல்லாருக்கும் வெள்ளி மேல் ஆசை வந்துவிட்டதால், 1896-ல் ஏதென்ஸில் முதலில் வந்தவருக்கே வெள்ளிதான் கொடுத்தார்கள், மூன்றாவது வந்தவருக்கு ஒன்றுமே கிடையாது என்று சொல்லிவைத்தேன். வேண்டாத வேலை. உடனே பஞ்சாயத்து.

அதைத் தீர்த்துவைத்தது சேலத்து மாரியப்பன் தங்கவேலு. ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம், பாராலிம்பிக்ஸ் உயரம் தாண்டுதலில் மூன்று நிறமும் ஒரே வீட்டில். ரியோவில் தாண்டிய 1.89 மீட்டரைக் கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டுக் காட்டினேன். சின்னவன் கையைத் தூக்கியும் எட்டவில்லை. வெண்கலத்தைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் முனகவில்லை.

நாடாவுக்கு மாமியாரின் பழைய சுங்குடிச் சேலையின் பார்டர். ஒரு விஷயம், முனைகளை இறுக்கித் தைக்காதீர்கள். இரண்டே தையல், அதுவும் லேசாக. சைக்கிளிலோ சறுக்குமரத்திலோ மாட்டிக்கொண்டால் கழுத்தை இழுக்காமல் நாடா பிய்த்துக்கொண்டு வந்துவிட வேண்டும்.

போட்டிகள் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டன. சாக்கு ஓட்டம், நொண்டி, ஸ்லோ சைக்கிள், ஊசியில் நூல் கோர்த்து ஓடுவது, எலுமிச்சை ஸ்பூன். கடைசிப் போட்டிக்கான தங்கத்தைப் பெரியவள்தான் செய்திருந்தாள். ஸ்பூன் மேல் எலுமிச்சை உட்கார்ந்திருப்பதுபோலப் பல்குச்சியால் வரைந்து, எலுமிச்சையின் தோலில் புள்ளிகூட வைத்து, பெயின்ட் மூன்று கோட் அடித்து. யாருக்கு என்று அவள் சொல்லவில்லை. ஆனால் ஒரு வாரமாக வீட்டில் ஸ்பூனும் வாயுமாகத்தான் திரிந்தாள். கோட்டுக்கு நாலடி இருக்கும்போது எலுமிச்சை விழுந்தது. ஜெயித்தது எதிர் வீட்டுப் பையன், இரண்டாம் வகுப்பு.

என் காதருகே வந்து, "அம்மா, அந்த ஒண்ணை மட்டும் வேற மெடலோட மாத்திடலாமா?" என்றாள். முடியாது என்றேன். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்து நின்றாள். பிறகு அவளே போய் அவன் கழுத்தில் மாட்டி, விரலை ஆட்டி ஏதோ சொல்லிவிட்டு வந்தாள். என்ன சொன்னாய் என்று கேட்டேன். "உப்பு மாவு, ஈரம் பட்டா கரைஞ்சிடும், பத்திரமா வச்சுக்கோன்னேன்." வார்னிஷ் இரண்டு கோட் அடித்திருந்தோம்தான், இருந்தாலும் சொன்னது சரி.

மூன்று வாரம் கழித்து எதிர் வீட்டு அக்கா வாசலில் நின்று சிரிக்கிறார். காலையில் உலைக்கு அரிசி எடுக்க டிரம்முக்குள் கையை விட்டால் ஏதோ துணி சிக்கியது, இழுத்தால் சேலை பார்டரோடு மெடல் வருகிறது. ஏன்டா இங்கே போட்டாய் என்று கேட்டதற்கு, வீட்டிலேயே ஈரம் படாத இடம் அதுதானே என்றானாம். இப்போது தினமும் மெடலை எடுத்து வெளியே வைத்துவிட்டு அரிசி அளந்து, மறுபடி உள்ளே புதைத்து மூடுகிறாராம்.