நகரும் சூத்திரமும் நகராத கட்டமும்

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் உள்ள ஒரு சிறிய உணவு வழங்கும் நிறுவனத்தில் நான் கணக்குகளைப் பார்த்துவருகிறேன். 2024 ஜனவரியில், பொங்கலுக்கு முந்தைய வாரம், ஓர் அலுவலக விருந்துக்கான விலைப்புள்ளியை எக்செல் தாளில் தயாரித்து வாடிக்கையாளருக்கு அனுப்பினேன். அதில் மூன்றே உருப்படிகள் இருந்தன: 450 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மதியச் சாப்பாடு, 320 வெள்ளிக்குப் பலகாரம், 600 வெள்ளிக்கு மாலைச் சிற்றுண்டி. மொத்தம் 1,370 வெள்ளி. அதற்குப் பொருள் சேவை வரியாகத் தாள் காட்டிய தொகை 108.10 வெள்ளி. மறுநாள் காலையில் அவர்களுடைய கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்து, 9 விழுக்காடு என்றால் 123.30 வெள்ளி வர வேண்டுமே என்று பணிவாகக் கேட்டார். அவர் சொன்னது சரி. பதினைந்து வெள்ளி இருபது காசு குறைந்திருந்தது. தொகை சிறியதுதான், ஆனாலும் என் கையால் போன தாளில் வரி தவறாக இருந்தது என்பது எனக்குப் பெரிய உறுத்தலாக இருந்தது.

தவறு எங்கே என்று கண்டுபிடிக்க எனக்கு அரை நாள் பிடித்தது. தாளின் வலப்புற மூலையில், எச் (H) நெடுவரிசையில், வரி விகிதங்களைப் புதியது மேலே வரும்படி எழுதி வைத்திருந்தேன்: எச்1-இல் 9%, எச்2-இல் 8%, எச்3-இல் 7%. சிங்கப்பூரில் இந்த வரி 2007 ஜூலை முதல் 7 விழுக்காடாக இருந்து, 2023 ஜனவரி 1ஆம் தேதி 8 ஆகவும், 2024 ஜனவரி 1ஆம் தேதி 9 ஆகவும் உயர்ந்தது. பழைய இன்வாய்ஸ்களைச் சரிபார்க்கும்போது தேவைப்படும் என்பதற்காக மூன்றையும் வைத்திருந்தேன். முதல் உருப்படியின் தொகை டி5-இல் (D5) இருந்தது. அதன் பக்கத்தில் இ5-இல் =டி5*எச்1 என்று எழுதி, அதை மற்ற உருப்படிகளுக்கும் நகலெடுக்கக் கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டேன். இரண்டாம் உருப்படிக்கு அது =டி6*எச்2 என்றும், மூன்றாவதற்கு =டி7*எச்3 என்றும் மாறிவிட்டது. அதாவது சாப்பாட்டுக்கு 9 விழுக்காடு, பலகாரத்துக்கு 8, சிற்றுண்டிக்கு 7. நான்காவதாக ஓர் உருப்படி இருந்திருந்தால் சூத்திரம் காலியாக இருந்த எச்4-ஐப் பார்த்திருக்கும், வரி சுழியம் என்று காட்டியிருக்கும், என் கண்ணிலும் பட்டிருக்கும். மூன்றோடு நின்றதால் எல்லா எண்களும் நம்பும்படியாகவே இருந்தன. எக்செல் எந்த எச்சரிக்கையும் தரவில்லை, ஏனென்றால் அதன் கணக்கில் பிழை எதுவும் இல்லை.

நான் முதலில் செய்யப்போன திருத்தம், ஒவ்வொரு சூத்திரத்திலும் 0.09 என்று நேரடியாக எழுதிவிடுவது. வாரத்துக்கு இரண்டு நாள் எங்கள் கணக்குகளைச் சரிபார்க்க வரும் மூத்தவர் ஒருவர் அதைத் தடுத்தார். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணன் என்றுதான் அழைப்போம். "போன வருசம் என்ன நடந்துச்சுன்னு மறந்துட்டீங்களாம்மா?" என்று கேட்டார். மறக்கவில்லை. 2023 தொடக்கத்தில் 7 விழுக்காடு 8 ஆனபோது, பழைய தாள்களில் சூத்திரங்களுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்த 0.07 என்பதையெல்லாம், தேடி மாற்றும் வசதியைக் கொண்டு ஒரே அடியில் 0.08 ஆக்கினோம். மொத்தக் கொள்முதலுக்கான தள்ளுபடி ஒன்று 0.075 என்று இருந்தது. அதில் இருந்த 0.07-உம் மாறி, தள்ளுபடி 0.085 ஆகிவிட்டது. இரண்டு வாரம் கழித்தே அதைக் கண்டோம். மாறக்கூடிய எண் ஒரே ஒரு கட்டத்தில் இருக்க வேண்டும், மற்ற சூத்திரங்கள் எல்லாம் அந்தக் கட்டத்தைப் பார்க்க வேண்டும் என்பதை அன்றே ஏற்றுக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டத்தைப் பார்க்கும் விதம்தான் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

டாலர் குறியைச் சூத்திரங்களில் நான் முன்பே பார்த்திருக்கிறேன். பணத்தை வெள்ளி என்று பேசினாலும் எழுதும்போது நாமும் அந்தக் குறியைத்தான் போடுகிறோம் என்பதால், அது பணத் தொகை உள்ள கட்டத்துக்கான அடையாளம் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். பணத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. எழுத்துக்கு முன்னால் அது நின்றால் நெடுவரிசை மாறாது. எண்ணுக்கு முன்னால் நின்றால் கிடைவரிசை மாறாது. இரண்டுக்கும் முன்னால் நின்றால், சூத்திரத்தை எங்கே நகலெடுத்தாலும் அது அதே கட்டத்தையே பார்க்கும். எனவே =டி5*$எச்$1 என்று எழுதி இழுத்தால், டி5 மட்டும் டி6, டி7 என்று இறங்கும், வரி விகிதம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இந்த விதியை ஐந்து நிமிடத்தில் மனப்பாடம் செய்துவிடலாம், ஆனால் அடுத்த தாளில் மறுபடியும் தடுமாறுவோம். அண்ணன் எனக்கு உண்மையில் புரியவைத்தது வேறொன்று. கோப்பு அமைப்புகளில் சூத்திரங்கள் என்ற பிரிவுக்குச் சென்று, ஆர்1சி1 (R1C1) என்ற முகவரி முறையை இயக்கினார். இதில் ஆர் என்பது கிடைவரிசை, சி என்பது நெடுவரிசை. உடனே நெடுவரிசைத் தலைப்புகளில் இருந்த எழுத்துகள் மறைந்து எண்கள் வந்தன. என்னுடைய தவறான சூத்திரம் =ஆர்சி[-1]*ஆர்[-4]சி[3] என்று தெரிந்தது. அதன் பொருள், இதே கிடைவரிசையில் ஒரு கட்டம் இடப்புறம் இருப்பதை, நான்கு கட்டம் மேலே ஏறி மூன்று கட்டம் வலப்புறம் போனால் கிடைப்பதோடு பெருக்கு என்பதாகும். மூன்று உருப்படிகளிலும் இதே வாசகம், ஓர் எழுத்துகூட மாறாமல் இருந்தது. "நீங்க கட்டத்தோட பேரை எழுதினதா நினைக்கிறீங்க. அது வழியைத்தாம்மா எழுதி வச்சுக்குது," என்றார். இழுக்கும்போது எக்செல் எதையோ மாற்றிவிடுகிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது எதையும் மாற்றவில்லை. நான் சொன்ன வழியையே ஒவ்வொரு இடத்திலிருந்தும் நடந்து காட்டியிருக்கிறது. டாலர் குறி போட்ட பிறகு அதே இடத்தில் ஆர்1சி8 என்று அடைப்பு இல்லாமல் வந்தது: முதல் கிடைவரிசை, எட்டாம் நெடுவரிசை. அது வழி அன்று, முகவரி. வீட்டுக்கு வருபவரிடம் "இங்கிருந்து இடப்பக்கம் மூன்றாவது வாசல்" என்று சொல்வதற்கும், புளோக் எண்ணையும் வீட்டு எண்ணையும் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. முதலாவது, கேட்பவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. இந்த முறையை அன்றாடம் பயன்படுத்த வேண்டியதில்லை, நானும் அன்று மாலையே அணைத்துவிட்டேன். ஆனால் டாலர் குறி குழப்பும் எவரும் ஒரு முறையாவது இதை இயக்கித் தம்முடைய சூத்திரங்களைப் பார்க்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

அண்ணன் எண்பதுகளில் லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் மென்பொருளில் வேலை பழகியவர். 1979இல் வந்த விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருளில் சூத்திரத்தில் டாலர் குறியே கிடையாது என்றும், நகலெடுக்கும்போது அதில் உள்ள ஒவ்வொரு முகவரிக்கும் இது மாற வேண்டுமா, அப்படியே இருக்க வேண்டுமா என்று அந்த மென்பொருள் கேட்கும் என்றும் அவர் சொன்னபோது வியப்பாக இருந்தது. 1983இல் வெளிவந்த லோட்டஸ் அந்த முடிவைச் சூத்திரத்துக்குள்ளேயே டாலர் குறியாக எழுதிவைக்கும்படி செய்தது. அதற்கு அது ஒதுக்கிய எஃப்4 விசையைத்தான் இன்றும் எக்செல்லில் அழுத்துகிறோம். கேள்வியை மென்பொருள் கேட்பதை நிறுத்திவிட்டது, ஆகவே நாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. சூத்திரத்தைத் தட்டும்போது முகவரியின் மேல் நின்று எஃப்4-ஐ ஒரு முறை அழுத்தினால் $எச்$1, மறுமுறை எச்$1, மூன்றாம் முறை $எச்1, நான்காம் முறை பழையபடி எச்1. என் மடிக்கணினியில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்தினால்தான் இது நடந்தது. மேக் வைத்திருப்பவர்கள் கமாண்ட் விசையோடு T எழுத்தை அழுத்தலாம்.

அந்த நடுவிலுள்ள இரண்டு வடிவங்கள், அதாவது ஒரு பக்கம் மட்டும் கட்டப்பட்டவை, எதற்கு என்று எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. வாய்பாட்டை எழுதிப் பார்க்கச் சொன்னார் அண்ணன். ஏ நெடுவரிசையில் கீழ்நோக்கி 1 முதல் 12 வரை, முதல் கிடைவரிசையில் வலப்புறமாக 1 முதல் 12 வரை. நடுவிலுள்ள 144 கட்டங்களையும் ஒரே சூத்திரத்தால் நிரப்ப வேண்டும். =ஏ2*பி1 என்று எழுதினால் மூன்றாம் கட்டத்திலேயே கெட்டுவிடுகிறது. =$ஏ$2*$பி$1 என்று எழுதினால் 144 கட்டங்களிலும் 1 மட்டுமே வருகிறது. இடப்புற எண்ணுக்கு நெடுவரிசையையும், மேலே உள்ள எண்ணுக்குக் கிடைவரிசையையும் மட்டும் கட்டி =$ஏ2*பி$1 என்று எழுதியபோது முழு வாய்பாடும் விரிந்தது. அன்றிரவு வீட்டில் தாளைப் பார்க்காமல் மூன்று முறை அதை எழுதிப் பழகினேன்.

அந்தப் பயிற்சி 2024 தீபாவளி விலைப்பட்டியலுக்குக் கைகொடுத்தது. முறுக்கு, அதிரசம், லட்டு என்று 22 வகைகள். 50, 100, 200, 500 பெட்டிகளுக்கு முறையே 3, 5, 8, 10 விழுக்காடு தள்ளுபடி. விலைகள் பி நெடுவரிசையில் ஐந்தாம் கிடைவரிசையிலிருந்து கீழே இறங்கின. தள்ளுபடிகள் மூன்றாம் கிடைவரிசையில் சி முதல் எஃப் வரை நின்றன. சி5-இல் =$பி5*(1-சி$3) என்று எழுதி வலப்புறமும் கீழேயும் இழுத்ததும் 88 விலைகள் தயாராகிவிட்டன. பி எழுத்துக்கு முன்னால் உள்ள குறியை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வேண்டுமென்றே சோதித்துப் பார்த்தேன். 8 வெள்ளி முறுக்குப் பெட்டிக்குச் சரியான விலைகள் 7.76, 7.60, 7.36, 7.20. குறி இல்லாதபோது வந்தவை 7.76, 7.37, 6.78, 6.10. இரண்டாம் விலை, மூல விலையிலிருந்து கணக்கிடப்படாமல், ஏற்கெனவே தள்ளுபடி செய்யப்பட்ட முதல் விலையிலிருந்து கணக்கிடப்பட்டிருந்தது. தள்ளுபடியின் மேல் தள்ளுபடி. எண்கள் இடமிருந்து வலமாக ஒழுங்காகக் குறைந்துகொண்டே போவதால், பார்ப்பவருக்கு ஐயமே எழாது. 500 பெட்டி கேட்கும் ஒரே வாடிக்கையாளரிடம் 550 வெள்ளி இழந்திருப்போம்.

சம்பளத் தாளில் இதே தவறு வேறு முகத்தோடு வந்தது. இந்திய ஊழியர்களின் சம்பளத்திலிருந்து, சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் நிதிக்குப் பிடிக்கும் தொகை சம்பள அளவைப் பொறுத்தது: 1,000 வெள்ளி வரை 1 வெள்ளி, அதற்கு மேல் 1,500 வரை 3 வெள்ளி, 2,500 வரை 5 வெள்ளி என்று படிப்படியாக உயர்ந்து, 15,000 வெள்ளிக்கு மேல் 30 வெள்ளி. இந்த எட்டுப் படிகளையும் ஓர் அட்டவணையாக எழுதி, அட்டவணையில் மதிப்பைத் தேடித் தரும் விலுக்கப் (VLOOKUP) சூத்திரத்தால் தேட வைத்தேன். அட்டவணையின் எல்லையைக் கட்டாமல் இழுத்ததால், ஒவ்வோர் ஊழியருக்கும் அந்த எல்லை ஒரு கட்டம் கீழே சரிந்தது. பட்டியலின் கடைசியில் இருந்த பகுதிநேர ஊழியருக்கு வந்தபோது, மேலே இருந்த படிகள் எல்லைக்கு வெளியே போய்விட்டன. அதிகச் சம்பளம் பெறுபவர்களுக்குச் சரியான விடை வந்தது, குறைந்த சம்பளக்காரர்களுக்கு மட்டும் மதிப்பு இல்லை என்ற பிழை வந்தது. பிழை வந்ததே நல்லது. எல்லையின் இரு முனைகளிலும் டாலர் குறிகளைப் போட்டதும் தீர்ந்தது. 1,000 வெள்ளி சரியாக வாங்குபவர் முதல் படியிலேயே நிற்க வேண்டும் என்பதால், இரண்டாம் படியை 1000.01 என்று தொடங்க வேண்டியிருந்ததையும் இதே வேலையில் கற்றேன்.

எல்லையின் ஒரு முனையை மட்டும் கட்டுவதற்கும் பயன் உண்டு. தினசரி வசூலின் தொடர் கூட்டலுக்கு =சம்($டி$5:டி5) என்று எழுதி இழுத்தால், தொடக்கம் ஐந்தாம் கிடைவரிசையிலேயே நிற்க, முடிவு மட்டும் ஒவ்வொரு நாளாக இறங்கும். எனக்கு மிகவும் பிடித்த சூத்திரம் இதுதான்.

ஓர் ஐயம் மட்டும் மிச்சமிருந்தது. தாளின் மேலே நிறுவன முகவரிக்காக ஒரு கிடைவரிசையை நுழைத்தபோது, $எச்$1 என்று நான் கட்டியிருந்தது $எச்$2 என்று மாறியதைக் கண்டு திடுக்கிட்டேன். அண்ணன் விளக்கினார்: டாலர் குறி சூத்திரத்தை நகலெடுக்கும்போது மட்டுமே பேசும், விகிதம் உள்ள கட்டமே இடம் பெயர்ந்தால், சூத்திரம் அதைத் தேடிக்கொண்டு பின்னால் போகும், அது நமக்கு வேண்டியதும்கூட. அதுபோலவே, ஒரு சூத்திரத்தை வெட்டி ஒட்டினால் அதிலுள்ள முகவரிகள், டாலர் குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், மாறுவதில்லை. நகலெடுத்து ஒட்டினால்தான் மாறுகின்றன.

இப்போது எந்தத் தாளையும் அனுப்புவதற்கு முன், கடைசி உருப்படியின் கட்டத்தில் நின்று எஃப்2-ஐ அழுத்துகிறேன். சூத்திரம் பார்க்கும் கட்டங்களைச் சுற்றி வண்ணக் கோடுகள் தோன்றும். முதல் கட்டத்தைவிடக் கடைசிக் கட்டமே உண்மையைச் சொல்லும், ஏனென்றால் சரிவு இருந்தால் அங்கேதான் அது மிகப் பெரிதாகத் தெரியும். விலைப்புள்ளித் தாளைப் புதிதாக எழுதி முடித்த அன்று, பழைய விகிதங்களை வேறொரு தாளுக்கு மாற்றிவிட்டு, விகிதக் கட்டத்தில் 9%-ஐ அழித்து 10% என்று தட்டினேன். முப்பது உருப்படிகளின் வரியும் ஒரே நொடியில் மாறியது. ஒவ்வொன்றும் தொகையில் சரியாகப் பத்தில் ஒரு பங்கு, மனக்கணக்காகவே பார்த்துவிட முடிந்தது. ஒவ்வொன்றாகக் கடைசி வரை பார்த்தேன். பிறகு 9%-ஐத் திரும்பத் தட்டிவிட்டுத் தாளைச் சேமித்தேன்.