எண்ணெய், காரம், தராசு: ஒரு சோப்பு நாட்குறிப்பு

ஜனவரி 6, 2024, சனி

பொங்கல் விடுமுறைக்குக் காங்கேயம் வந்த நாத்தனார் மகள், பையைக் கீழே வைக்கும் முன்பே கேட்டாள்: "அத்தை, கெமிக்கல் இல்லாமல் சோப்பு செய்யக் கற்றுத்தருவீர்களா?"

கெமிக்கல் இல்லாமல் சோப்பு கிடையாது என்றேன். முகம் வாடிவிட்டது.

எண்ணெயோடு காரம் சேர வேண்டும். கட்டி சோப்புக்கு அந்தக் காரம் சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா. இரண்டும் வினைபுரிந்தால் சோப்பும் கிளிசரினும் கிடைக்கும். அளவு சரியாக இருந்தால் காரம் முழுவதும் அந்த வினையிலேயே தீர்ந்துவிடும், குளிக்கும் கட்டியில் மிஞ்சாது. பெரிய ஆலைகள் கிளிசரினைப் பிரித்தெடுத்துத் தனியாக விற்றுவிடுகின்றன. வீட்டுச் சோப்பில் அது உள்ளேயே தங்கிவிடுகிறது. வீட்டில் செய்வதன் உண்மையான லாபம் அதுதான்.

அவள் வீடியோவில் பார்த்த "காஸ்டிக் இல்லாத சோப்பு" எது என்று காட்டச் சொன்னேன். கடையில் கட்டியாக வாங்கும் சோப்பு பேஸை உருக்கி, நிறம் கலந்து, அச்சில் ஊற்றுகிறார்கள். அந்த பேஸுக்குள் காஸ்டிக் ஏற்கெனவே ஏதோ ஓர் ஆலையில் போய்விட்டது. சின்னக் குழந்தைகளை வைத்துக்கொண்டு விளையாட அது நல்ல வழி, குறை சொல்லவில்லை. ஆனால் அதில் சோப்பு செய்வது ஆலை, நாம் செய்வது வடிவம்.

"அப்படியானால் காஸ்டிக்கோடே செய்யலாம்" என்றாள். தைரியசாலிதான்.

ஜனவரி 9, செவ்வாய்

இன்று கணக்கு மட்டும். எண்ணெயைத் தொடவே விடவில்லை.

ஒவ்வோர் எண்ணெய்க்கும் தேவைப்படும் காரம் வேறு. ஒரு கிராம் தேங்காய் எண்ணெய் சோப்பாக மாற ஏறக்குறைய 0.183 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு வேண்டும். நல்லெண்ணெய்க்கு 0.134, விளக்கெண்ணெய்க்கு 0.128. அரைக் கிலோ தேங்காய் எண்ணெய்க்கு 91 கிராமுக்குச் சற்று மேல் பிடிக்கும், அரைக் கிலோ நல்லெண்ணெய்க்கு 67 போதும். தேங்காய் எண்ணெய்க் குறிப்பை வைத்துக்கொண்டு நல்லெண்ணெயில் செய்தால் இருபது கிராமுக்கும் மேல் காரம் மிஞ்சும், தோலில் அது புண்ணாகும். "எங்களிடம் அந்த எண்ணெய் இல்லை, இதைப் போட்டேன்" என்பது சமையலில் செல்லும், இங்கே செல்லாது.

நாங்கள் முடிவு செய்தது: தேங்காய் எண்ணெய் 300 கிராம், நல்லெண்ணெய் 150, விளக்கெண்ணெய் 50. தேங்காய் எண்ணெய் கெட்டித்தன்மையும் நுரையும் தரும், அதிகமானால் தோலை வறட்டும். நல்லெண்ணெய் அந்த வறட்டுத்தனத்தைத் தணிக்கும். விளக்கெண்ணெய் நுரையைப் பிடித்து நிறுத்தும், ஆனால் பத்து சதவீதத்துக்கு மேல் போனால் கட்டி பிசுபிசுக்கும்.

காரம்: 54.9 + 20.1 + 6.4 = 81.4 கிராம். இதை அப்படியே போடக்கூடாது. எண்ணெயில் கொஞ்சம் சோப்பாகாமல் மிஞ்சினால்தான் தோலுக்கு இதம், தராசு ஒரு கிராம் பிசகினாலும் பாதுகாப்பு. பொதுவாக 5 சதவீதம் குறைப்பார்கள். தேங்காய் எண்ணெய் அதிகம் என்பதால் நாங்கள் 7 சதவீதம் குறைத்தோம்: 75.7. எங்கள் தராசு புள்ளிக்குப் பின்னால் காட்டாது, எனவே 75. காரத்தைச் சுருக்கி எழுதும்போது எப்போதும் கீழ்ப்பக்கம். தண்ணீர் காரத்தைப் போல இரு மடங்கு: 150 கிராம்.

டம்ளர் கணக்கு, ஸ்பூன் கணக்கு எதுவும் உதவாது. காஸ்டிக் செதிலாகவும் வருகிறது, முத்தாகவும் வருகிறது. ஒரு டம்ளர் செதிலும் ஒரு டம்ளர் முத்தும் ஒரே எடை அல்ல. தண்ணீரையும் எண்ணெயையும்கூடத் தராசில்தான் வைக்க வேண்டும்.

ஜனவரி 13, சனி

போகிக்கு முந்தின நாள். வீட்டை ஒழித்துத் துடைக்கும் வேலைக்கு நடுவில் பின்கட்டைக் கேட்டு வாங்கினோம். நாயைக் கட்டினேன், பக்கத்து வீட்டுப் பொடியன்களை அனுப்பிவிட்டேன். துப்பட்டாவைக் கழற்றச் சொன்னேன். முழுக்கை சட்டை, ரப்பர் கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி. "கண்ணாடி வேண்டாமே, சும்மா ஐந்து நிமிடம்தானே" என்றாள். கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடும் என்றதும் மாட்டிக்கொண்டாள்.

பாத்திரம் எவர்சில்வர் அல்லது கெட்டி பிளாஸ்டிக். அலுமினியம் கூடவே கூடாது. காஸ்டிக் அலுமினியத்தைத் தின்று, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜனை வெளியேற்றும். நம் சமையலறைகளில் அலுமினியச் சட்டி இல்லாத வீடு ஏது? அதனால்தான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பித்தளையும் வேண்டாம். சோப்புக்கு எடுத்த பாத்திரமும் கரண்டியும் அதன் பிறகு அடுப்பங்கரைக்குத் திரும்பக்கூடாது.

தண்ணீரில் காஸ்டிக்கைக் கொட்ட வேண்டும். காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றினால் அந்த இடத்திலேயே கொதித்து மேலே தெறிக்கும். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கியபோது குளிர்ந்த தண்ணீர் 80 டிகிரியைத் தாண்டியதைப் பார்த்து அசந்துவிட்டாள். அடுப்பில்லை, நெருப்பில்லை! மேலே எழும் ஆவி தொண்டையைக் கமறும். முகத்தைக் குனிக்காமல், திறந்த வெளியில் நின்று செய்ய வேண்டும். போர் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள உப்புகள் சோப்பைக் கெடுக்கும். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரை வாங்கி வைத்திருந்தோம்.

மேலே சிந்தினால் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும், பதினைந்து நிமிடமாவது. வினிகரைத் தேய்க்கச் சொல்லும் வீடியோக்களை நம்பக்கூடாது. அமிலமும் காரமும் சேரும்போது எழும் சூடு தோலில்தான் இறங்கும். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் காலையில் உறைந்திருந்தது. உருக்கி மற்ற எண்ணெய்களோடு சேர்த்தோம். எண்ணெயும் காரநீரும் 40 டிகிரிக்கு அருகில் வந்ததும் காரநீரை எண்ணெயில் ஊற்றி, ஹேண்ட் பிளெண்டரை விட்டு விட்டு ஓட்டினோம். சில நிமிடங்களில் மோர்க்குழம்புப் பதம். கரண்டியால் தூக்கி ஊற்றினால் மேலே கோடு ஒரு நொடி நின்று மறைய வேண்டும், அதுதான் அடையாளம். பிளெண்டர் இல்லாதவர்கள் கையால் கலக்கலாம், பொறுமை மட்டும் நிறைய வேண்டும்.

உள்ளே தாள் விரித்த பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றி, மூடி, பழைய துண்டைச் சுற்றி வைத்தோம். முதல் தடவை வாசனையும் வேண்டாம், நிறமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு அதில் வருத்தம்.

ஜனவரி 14, ஞாயிறு

மாலையில் திறந்து வெட்டினோம். கையுறை இன்னும் தேவை. தந்த நிறத்தில் ஏழு கட்டி. மேலே மெல்லிய வெள்ளைப் பூச்சு படிந்திருந்தது. பூஞ்சை என்று பயந்தாள். காற்றிலுள்ள கரியமில வாயுவோடு மேற்பரப்பின் காரம் சேர்ந்து உண்டான சோடியம் கார்பனேட்தான், சுரண்டினால் போய்விடும்.

என் அத்தை, அதாவது மாமியார், வந்து ஒரு கட்டியை எடுக்கப் போனார். "அம்மிச்சி, தொடாதீர்கள், ஆறு வாரம் ஆகும்" என்று பேத்தி தடுத்தாள். "ஆறு வாரமா? அதற்குள் நான் எத்தனை சோப்பு கரைத்திருப்பேன்!" என்றார் அத்தை.

சோப்பாகும் வினை ஒன்றிரண்டு நாளில் பெரும்பாலும் முடிந்துவிடும். மீதி வாரங்கள் தண்ணீர் வற்றுவதற்கும் கட்டி இறுகுவதற்கும். அவசரப்பட்டுக் குளித்தால் சோப்பு இரண்டே நாளில் கூழாகும். காகிதம் விரித்த மூங்கில் தட்டில், ஒன்றோடொன்று ஒட்டாமல், காற்றோட்டமான பரணில் ஏற்றியாயிற்று. வெயிலில் வைக்கக்கூடாது.

ஜனவரி 21, ஞாயிறு

சோப்பில் ஆவாரம்பூ, வேப்பிலை, ரோஜா எல்லாம் போட வேண்டும் என்று ஒரு வாரமாக நச்சரிக்கிறாள். என் கருத்து இதில் கறாரானது. மூலிகைகளுக்கு நல்ல இடம் குளியல் பொடி. காரத்தில் விழுந்த வேப்பிலையின் பச்சை பழுப்பாகிறது, ரோஜா இதழ் கறுக்கிறது, செம்பருத்திச் சாறு அழுக்கு நிறமாகிறது. குணம் எவ்வளவு மிஞ்சும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். மிஞ்சியதும் அரை நிமிடத்தில் தண்ணீரோடு போய்விடும். உறையில் பெயர் போட்டுக்கொள்ளத்தான் அது உதவும்.

எனவே இன்று பொடி. பச்சைப்பயறு அரைக் கிலோ, ஆவாரம்பூ 100 கிராம், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, ரோஜா இதழ் ஒவ்வொன்றும் 50, வெட்டிவேர் 25. பெண்களுக்கான பங்கில் மட்டும் கஸ்தூரி மஞ்சள். பூக்களை நிழலிலும் கிழங்குகளை வெயிலிலும் காய வைத்திருந்தேன். வெட்டிவேரைச் சின்னதாக நறுக்கிக் கொடுக்காவிட்டால் மில்காரர் திட்டுவார்.

மில் என்றதும் ஒரு சேதி. மிளகாய் அரைத்த இயந்திரத்தில் குளியல் பொடியை அரைத்து வந்தால் அன்றைய குளியல் மறக்காது. சீயக்காய்க்குத் தனி இயந்திரம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டே பையை இறக்க வேண்டும்.

தலைக்கு எங்கள் பக்கம் அரப்புத்தான். உசிலை மரத்து இலையைக் காய வைத்துப் பொடித்தது. சந்தையில் கிடைக்கிறது. எண்ணெய்க் குளியலுக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை என்பது அத்தையின் கட்சி, நானும் அதே கட்சி. கண்ணில் பட்டால் மட்டும் எரியும். பொடிகளில் ஈரக்கை பட்டால் வண்டு வைத்துவிடும், வாரத்துக்கு வேண்டியதை மட்டும் குளியலறையில் வைத்தால் போதும்.

பிப்ரவரி 4, ஞாயிறு

வார விடுமுறைக்கு மறுபடி வந்துவிட்டாள். இரண்டாவது ஈடு. இந்த முறை நிறமும் வாசனையும் அனுமதி.

பாதிக்கு மஞ்சள் தூள். கலவையில் விழுந்ததும் செக்கச்செவேல் என்றானது. ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் சிவப்பது இதே காரத்தால்தான். நாள் ஆக ஆக இந்தச் சிவப்பு தணியும், வெளிச்சத்தில் வெளுக்கவும் செய்யும். "அப்படியானால் சோப்பில் காரம் மிச்சமா என்று மஞ்சளை வைத்தே சோதிக்கலாமே?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. முடியாது. நன்றாக விளைந்த சோப்பும் காரத்தன்மை உள்ளதுதான், அதன் பிஎச் 9 முதல் 10 வரை இருக்கும். மஞ்சள் அதற்கும் சிவக்கும். ஈர விரலைச் சோப்பில் தேய்த்து நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பதே பழைய வழி. மின்சாரம் பட்டதாகச் சுரீரென்றால் காரம் மிஞ்சியிருக்கிறது.

இன்னொரு பாதிக்குத் தேங்காய்த் தொட்டிக் கரியை மாவாகச் சலித்தது. கரி எந்தக் காரத்துக்கும் அசையாது.

வாசனைக்கு எலுமிச்சைப்புல் தைலம், அரைக் கிலோ எண்ணெய்க்கு 5 கிராம். கிராம்புத் தைலம் கேட்டாள், மறுத்தேன். அது கலவையை நொடிகளில் இறுக்கிவிடும், பாத்திரத்திலிருந்து தோண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். சந்தனத் தைலத்தின் விலையை அவளே கைபேசியில் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

நாங்கள் குளிக்கும் போர் தண்ணீருக்காக இன்னொரு சேர்க்கை: எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், 10 கிராம். ஆனால் அது அமிலம், தன் பங்குக்குக் காரத்தைக் குடிக்கும். ஈடுகட்ட 6 கிராம் காஸ்டிக் கூடுதலாக எடுக்க வேண்டும், அந்த உப்பைத் தண்ணீரில் முதலிலேயே கரைத்துவிட வேண்டும்.

பிப்ரவரி 24, சனி

முதல் ஈட்டைக் குளித்துப் பார்த்தாயிற்று. நுரை கடைச் சோப்பைவிடக் குறைவு, கழுவியபின் தோல் இழுக்கவில்லை. அத்தைக்குப் பிடித்திருக்கிறது. "மணம்தான் ஒன்றும் இல்லை" என்றார். வாளி ஓரத்தில் சாம்பல் நிறப் படலம் படிகிறது. தண்ணீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பொருளாகின்றன. அதைத்தான் எலுமிச்சை உப்பு குறைக்க வேண்டும். மழைநீரில் குளித்த அன்று படலமே இல்லை.

மார்ச் 3, ஞாயிறு

எதிர்பார்த்ததுதான். தோழிகள் கேட்கிறார்களாம், விற்கலாமா என்கிறாள்.

இந்தியாவில் குளியல் சோப்பு சட்டப்படி அழகுசாதனப் பொருள். விற்பனைக்குச் செய்ய 2020-ஆம் ஆண்டின் காஸ்மெட்டிக்ஸ் விதிகளின்படி உற்பத்தி உரிமம் வேண்டும், சமையலறையில் செய்து இணையத்தில் விற்க அதில் இடமில்லை. நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுக்கலாம். கொடுக்கும்போதும் என்னென்ன எண்ணெய், என்ன தைலம், எந்தத் தேதியில் செய்தது என்று சீட்டு ஒட்ட வேண்டும். ஒருவருக்கு எலுமிச்சைப்புல் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

அவள் எழுதி வைத்திருந்த சீட்டில் "100% கெமிக்கல் இல்லாதது" என்றிருந்தது. அடிக்கச் சொன்னேன். "தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், சோடியம் ஹைட்ராக்சைடு, நீர்" என்று மாற்றி எழுதினாள். "இதைப் படித்தால் யார் வாங்குவார்கள், அத்தை?" என்றாள். "யாரும் வாங்க வேண்டாம், சும்மாதானே கொடுக்கப்போகிறாய்" என்றேன்.

அடுத்த ஈட்டுக்கு நல்லெண்ணெய்க்குப் பதில் கடலை எண்ணெய் வேண்டுமாம். காரக் கணக்கை அவளே போட்டு அனுப்பட்டும், சரிபார்த்த பிறகு காஸ்டிக் டப்பாவின் சாவியைத் தருகிறேன்.