காலை எட்டு மணி ரத்தம்

எனக்கு 54 வயது. ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். இரண்டு ஆண்டுகளாக மதியம் மூன்று மணி ஆனால் பேரேட்டின் மீதே தலை சாயும். இரவில் மனைவி பக்கம் திரும்பும் நினைப்பே அற்றுப்போயிருந்தது. அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மௌனம்தான் என்னை அதிகம் வருத்தியது.

முதலில் போன கிளினிக்கில், சாப்பிட்டு வந்த என்னிடம் மாலை நான்கு மணிக்கு ரத்தம் எடுத்தார்கள். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் 212. இன்றே ஊசி போட்டுக்கொள்ளுங்கள், இனி மூன்று மாதத்துக்கு ஒன்று என்றார்கள். நான் பணத்தை எடுத்துவிட்டேன். "என்னங்க, ஒரே ஒரு ரிப்போர்ட்டை நம்பி ஆயுசுக்கும் ஊசியா?" என்று மனைவிதான் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தாள்.

கோவையில் பார்த்த நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் அந்த ரிப்போர்ட்டை ஒதுக்கி வைத்தார். இந்த ஹார்மோன் காலையில்தான் அதிகமாக இருக்கும், பகல் ஏற ஏற இறங்கும், சாப்பிட்டாலும் குறையும். அதனால் காலை எட்டு மணிக்கு, வெறும் வயிற்றில், வெவ்வேறு இரண்டு நாட்கள் எடுக்கச் சொன்னார். 248, 261. முந்நூறுக்குக் கீழே என்றால் குறைவு என்றே கொள்வார்களாம். ஆனாலும் உடனே மருந்து எழுதவில்லை. கோளாறு விரையிலா, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலா என்று அறிய, அந்தப் பிட்யூட்டரி சுரக்கும் எல்.எச்., புரோலாக்டின் என்ற ஹார்மோன்களுக்குப் பரிசோதனைகள். கூடவே சர்க்கரை, தைராய்டு. குறட்டை விடுவேனா என்று என்னை விட்டுவிட்டு மனைவியிடம் கேட்டார். எடை 88 கிலோ. ஆறு மாதம் நடந்து, இரவுச் சோற்றைக் குறைத்து, ஏழு கிலோ இறக்கினேன். அளவு 279 வரை வந்தது, சோர்வு மட்டும் போகவில்லை.

பிறகுதான் தோலில் தடவும் டெஸ்டோஸ்டிரோன் ஜெல். அதற்கு முன் பிராஸ்டேட் சுரப்பிக்காக பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை, ரத்தத்தின் அடர்த்தியைப் பார்க்க ஹீமட்டோகிரிட். இன்னும் குழந்தை பெறும் எண்ணம் உண்டா என்றும் கேட்டார். வெளியிலிருந்து இந்த ஹார்மோனைக் கொடுத்தால் விந்தணு உற்பத்தி அடங்கிவிடுமாம். குழந்தை வேண்டுமென்று இருக்கும் இளைஞர்களிடம் இதைச் சொல்லாமல் ஊசி போடுவது பெரும் பாவம்.

குளித்துத் துவட்டியதும் 50 மில்லிகிராம் மருந்துள்ள ஒரு பாக்கெட்டைத் தோளிலும் மேற்கையிலும் தடவுவேன். சாராய நெடி அடிக்கும், சில்லென்று இருக்கும். காயும்வரை நின்று, சோப்புப் போட்டுக் கைகழுவி, சட்டை மாட்டிய பிறகே அறைக் கதவைத் திறப்பேன். தோலிலிருந்து பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மருந்து ஒட்டிக்கொள்ளும் என்று மருத்துவர் இரண்டு முறை எச்சரித்திருந்தார். மூன்று வயதுப் பேத்தி காலையில் என் தோளில் ஏறித்தான் காக்கை பார்ப்பாள். இப்போது கதவுக்கு வெளியே நின்று, "அப்புச்சி, சட்டை போட்டாச்சா?" என்று கேட்கிறாள்.

ஆறாவது வாரத்தில் ஆசை திரும்பியது. மூன்றாம் மாதம் ஹீமட்டோகிரிட் 46இலிருந்து 53க்கு ஏறியிருந்தது. 54ஐத் தாண்டினால் மருந்தை நிறுத்த வேண்டும் என்று ஜெல்லின் அளவைக் குறைத்தார், இப்போது 49. மதியச் சோர்வு பாதிதான் குறைந்திருக்கிறது. அது முழுதும் ஹார்மோனால் வந்ததல்ல என்று மருத்துவர் முதல் நாளே சொல்லியிருந்தார். அடுத்த பரிசோதனை தை மாதம், அதே காலை எட்டு மணிக்கு.